ஆர்க்கெஸ்ட்ராவில் வரும் ஹார்ன் சோலோவை யூஃபோனியம், பியானோ இரண்டுக்கும் மாற்றி எழுதுவது எப்படி?

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சர்ச் பேண்டில் யூஃபோனியம் (டியூபாவைவிடச் சின்ன, தாழ்ந்த குரலுள்ள பித்தளை ஊதுவாத்தியம்) வாசித்து வளர்ந்தவன். பாமாலையும் கீர்த்தனையும் மார்ச்சும் நிறைய வாசித்திருக்கிறேன். தனியாக நின்று வாசிக்க ஒரு நல்ல பாட்டு வேண்டும் என்று தேடியபோதுதான் யூஃபோனியத்துக்கு எழுதப்பட்ட சோலோக்கள் எவ்வளவு குறைவு என்று தெரிந்தது. அதனால் ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனியில், இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் வரும் ஹார்ன் (பிரெஞ்சு ஹார்ன்) சோலோவை எடுத்து மாற்றி எழுத உட்கார்ந்தேன். இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்தது ஐந்து மாதம் இழுத்தது. மூன்று முறை முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. இப்போது அதே வேலையைச் செய்தால் ஆறு வாரத்தில் முடிப்பேன். அந்த ஆறு வார வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், பியானோவில் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளை) வைத்துப் பார்க்கும் அளவுக்காவது விரல் நகர வேண்டும். இது இரண்டும் போதும். இசைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை.

1. யார், எதில் வாசிக்கப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

ஒரு நோட்டைக்கூட எழுதுவதற்கு முன் இந்த ஐந்து கேள்விகளுக்கும் ஒரு தாளில் பதில் எழுதி வையுங்கள்.

யூஃபோனியம் வாசிப்பவர் எந்தக் கிளெஃபில் படிக்கிறார்? நம் ஊர் சர்ச் பேண்டுகளிலும் இரட்சண்ய சேனை பேண்டுகளிலும் பிரிட்டிஷ் பிராஸ் பேண்ட் வழக்கப்படி ட்ரெபிள் கிளெஃப், பி ஃபிளாட் பார்ட்தான் (பார்ட் என்றால் ஒரு வாத்தியத்துக்கான தனித் தாள்). ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்தும் டிராம்போனிலிருந்தும் வந்தவர்கள் பேஸ் கிளெஃப் படிப்பார்கள். ஒன்றைப் படிப்பவரிடம் மற்றதைக் கொடுத்தால் ஒத்திகை அங்கேயே நின்றுவிடும்.

வாத்தியத்தில் மூன்று வால்வா, நான்கா? மூன்று வால்வ் என்றால் பேஸ் கிளெஃபில் ஸ்டாஃபுக்குக் கீழே வரும் ஈ-க்குக் கீழே போகாதீர்கள். அதற்கும் அடியில் உள்ள பெடல் பி ஃபிளாட்டுக்கும் நடுவில் விரலே இல்லாத நோட்டுகள் இருக்கின்றன.

பியானோ என்று சொல்வது உண்மையான பியானோவா, கீபோர்டா? நம் ஊரில் பாதி இடங்களில் 61 கீ உள்ள கீபோர்டுதான் நிற்கிறது. 88 கீ பியானோவை மனதில் வைத்து எழுதிய அடிநோட்டுகளுக்கு அதில் இடமே இருக்காது.

கீபோர்டானால், சஸ்டெய்ன் பெடல் இருக்கிறதா? இல்லையென்றால் யாரிடம் கடன் வாங்கலாம்?

பியானிஸ்ட் யார்? அவர் கை எவ்வளவு விரியும்? ஒன்பது நோட் தூரம் எட்டுமா, எட்டாவதோடு நின்றுவிடுமா?

இதெல்லாம் சின்னக் கேள்விகள் என்று தோன்றும். நான் முதல் தடவை இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. எழுதி முடித்த பியானோ பார்ட்டை நான் கொண்டுபோய்க் கொடுத்த பியானோ ஆசிரியை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "தம்பி, இதை வாசிக்க எனக்கு இன்னொரு கை வேணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. ஒன்றரை மாத வேலை அன்று வீணாகப் போனது.

2. சோலோவைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் முடிவைப் பார்த்துவிட்டு

ஆர்க்கெஸ்ட்ராவில் வரும் பிராஸ் சோலோக்களில் பல சிறியவை. மாலரின் ஏழாம் சிம்பொனி தொடங்கும்போது வரும் டெனர்ஹார்ன் சோலோவைப் பல ஆர்க்கெஸ்ட்ராக்களில் யூஃபோனியத்தில்தான் வாசிக்கிறார்கள். முஸோர்க்ஸ்கியின் 'கண்காட்சிச் சித்திரங்கள்' பியானோ தொகுப்பை ரவேல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது, 'பிட்லோ' பகுதியில் டியூபாவுக்குக் கொடுத்த உயரமான சோலோவும் அப்படித்தான். இரண்டும் அழகு. ஆனால் அவற்றை மட்டும் எடுத்து மேடையில் நின்றால் உட்கார்ந்தவர்கள் செவியைத் தீட்டுவதற்குள் முடிந்துவிடும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சைக்கோவ்ஸ்கியைச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. மெட்டு நீளமானது, மெதுவானது, பாடுவதுபோல் போகும். யூஃபோனியத்துக்கு அதுதான் இயல்பு. ஹார்ன் ஒலிக்கும் உயரத்திலேயே யூஃபோனியமும் வாசிக்கலாம், ஆக்டேவ் மாற்ற வேண்டாம். முன்னால் ஏறத்தாழ எட்டு பார் (தாளக் கட்டம்) நீளத்துக்குத் தாழ்ந்த சரவாத்தியங்களின் முன்னுரை இருக்கிறது, அது பியானோவுக்கு அப்படியே பொருந்தும்.

ஒரு சிக்கலும் உண்டு. ஆர்க்கெஸ்ட்ராவில் அந்தச் சோலோவுக்கு முடிவு கிடையாது. ஹார்ன் மெட்டைப் பாடிவிட்டு ஓபோவோடு பேசுகிறது, பிறகு செலோக்கள் மெட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். சிம்பொனியும் மேலே போய்க்கொண்டே இருக்கும். எந்தச் சோலோவை எடுத்தாலும் இந்தக் கேள்வி வரும்: எங்கே நிறுத்துவது? அதற்குப் பதில் தெரியாமல் தொடங்காதீர்கள். என் பதிலை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

3. உரிமை: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

ஒரு படைப்பை வேறு வாத்தியத்துக்கு மாற்றி எழுதுவதும் சட்டப்படி உரிமையாளரின் அனுமதி வேண்டிய வேலைதான். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, இசையமைப்பாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், சிங்கப்பூர் ஆகியவற்றில் 70 ஆண்டுகள். சைக்கோவ்ஸ்கி 1893-இல் இறந்தார், இந்தச் சிம்பொனி 1888-இல் எழுதப்பட்டது. எங்கேயும் தடையில்லை.

ஆனால் இன்னொருவரை எடுத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1958-இல் இறந்தார். இந்தியாவில் அவர் இசைக்கு உரிமைக்காலம் 2018 இறுதியோடு முடிந்தது. பிரிட்டனில் 2028 இறுதிவரை இருக்கிறது. சென்னையில் ஒரு ஹாலில் வாசிப்பதில் சிக்கல் இல்லாமல் இருக்கலாம், அதே அரேஞ்ச்மென்ட்டை இணையத்தில் ஏற்றி பிரிட்டனில் இருப்பவருக்கு விற்றால் கதை வேறு. ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் 1975-இல் இறந்தவர், இந்தியாவிலேயே 2035 இறுதிவரை காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்று வேறு கணக்கு.

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இசை பொதுச்சொத்தாக இருந்தாலும், அதை ஏற்கெனவே வேறொருவர் ஹார்னுக்கும் பியானோவுக்கும் மாற்றி எழுதியிருந்தால், அந்த மாற்றம் அவருடையது. அதிலிருக்கும் பியானோ பார்ட்டை எடுத்து, ஹார்ன் வரியை மட்டும் யூஃபோனியம் ஆக்கிவிட்டு உங்கள் பெயரைப் போட முடியாது. கடையில் கிடைக்கும் புதிய பதிப்புகளில் பதிப்பாசிரியர் சேர்த்த குறிப்புகளுக்கும் உரிமை இருக்கலாம். பழைய முழு ஸ்கோரிலிருந்து நீங்களே எடுங்கள். அதுதான் பாதுகாப்பு. அப்படி எடுத்தால்தான் இசையும் புரியும்.

உரிமை இருக்கும் படைப்புதான் வேண்டும் என்று மனம் கேட்டால், பதிப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். படைப்பின் பெயர், எந்தப் பகுதி, எத்தனை பார், எந்த வாத்தியங்களுக்கு, எங்கே எத்தனை முறை வாசிக்கப் போகிறீர்கள், விற்பீர்களா என்று எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே சொல்லுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம்.

4. ஆவணங்களைச் சேர்த்து, சோலோவை இடம் மாற்றுங்கள்

கையில் இருக்க வேண்டியவை: முழு ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோர், முதல் ஹார்னின் தனிப் பார்ட், ஒரு நல்ல பதிவு. ஸ்கோரும் பார்ட்டும் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இணைய இசைநூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டும் வேண்டும். பழைய அச்சுகளில் பிழை உண்டு. ஸ்கோரில் இருக்கும் ஒரு ஸ்லர் பார்ட்டில் இருக்காது. ஒன்றுக்கொன்று ஒத்துப்பாருங்கள்.

கணினியில் இசை எழுத மியூஸ்ஸ்கோர் மென்பொருள் போதும், இலவசம். சிபேலியஸ், டோரிகோ இரண்டும் நல்லவை, காசு. ஃபினாலேயில் தொடங்காதீர்கள். 2024 ஆகஸ்ட்டில் அதன் வளர்ச்சியையே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது என்னை மூன்று வாரம் அலைக்கழித்த விஷயம். ஹார்ன் பார்ட் எஃப்-இல் எழுதப்பட்டது. தாளில் இருக்கும் நோட்டுக்கு ஒரு பெர்ஃபெக்ட் ஃபிஃப்த் கீழேதான் காதில் கேட்கும். ஹார்ன் பார்ட்டில் நடு சி இருந்தால் ஒலிப்பது அதற்குக் கீழே உள்ள எஃப். அதை எப்படி எழுதுவது என்பது உங்கள் கிளெஃபைப் பொறுத்தது.

பேஸ் கிளெஃப் யூஃபோனியம் என்றால், ஒலிப்பதை அப்படியே எழுதுகிறோம். அதாவது ஹார்ன் பார்ட்டிலிருந்து ஒரு ஃபிஃப்த் கீழே. அந்த எஃப் பேஸ் கிளெஃபில் கீழிருந்து நாலாவது கோட்டில் வரும்.

ட்ரெபிள் கிளெஃப் பி ஃபிளாட் யூஃபோனியம் என்றால், எழுதுவது ஒலிப்பதைவிட ஒரு மேஜர் நைன்த் மேலே. அந்த எஃப்-ஐ ஜி என்று எழுத வேண்டும், கீழிருந்து இரண்டாவது கோடு. ஹார்ன் பார்ட்டோடு ஒப்பிட்டால் ஒரு ஃபிஃப்த் மேலே!

ஒரே ஃபிஃப்த், ஆனால் ஒருவருக்குக் கீழே, இன்னொருவருக்கு மேலே. நான் ட்ரெபிள் கிளெஃப் படிப்பவன், கீழே இறக்கி எழுதிவிட்டேன். ஒரு மேஜர் நைன்த் தாழ்ந்து, ஹார்னின் பாட்டு அடித்தொண்டை முனகலாகக் கேட்டது. தவறு எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் அத்தனை நாள். எழுதியதும் முதல் நோட்டைப் பியானோவில் அடித்துப் பதிவோடு ஒத்துப்பாருங்கள், அரை நிமிட வேலை.

பழைய ஹார்ன் பார்ட்டுகளில் இன்னும் இரண்டு பொறிகள். பலவற்றில் கீ சிக்னேச்சர் இருக்காது, ஷார்ப்பும் ஃபிளாட்டும் ஒவ்வொரு நோட்டின் பக்கத்திலும் இருக்கும். அதை மறந்தால் பாதி நோட் தப்பு. அடுத்து, ஹார்னுக்கு பேஸ் கிளெஃப் வந்தால் பழைய வழக்கப்படி எழுதியதைவிட ஒரு ஃபோர்த் மேலே ஒலிக்கும், கீழே அல்ல. கிளாரினெட் வரிகளையும் கவனியுங்கள். ஏ கிளாரினெட் என்றால் ஒரு மைனர் தேர்ட் கீழே ஒலிக்கும்.

மியூஸ்ஸ்கோரில் சுலபமான வழி: ஹார்ன் இன் எஃப் என்று ஒரு ஸ்டாஃப் வைத்து, தாளில் உள்ளதை உள்ளபடி அடியுங்கள். பிறகு 'கான்சர்ட் பிட்ச்' (ஒலிக்கும் சுருதியில் காட்டும்) பொத்தானை அழுத்தி, யூஃபோனியம் ஸ்டாஃபுக்கு நகல் எடுங்கள். வாத்தியப் பட்டியலில் யூஃபோனியம் பேஸ் கிளெஃபிலும் ட்ரெபிள் கிளெஃபிலும் தனித்தனியாக இருக்கும், சரியானதை எடுங்கள்.

கீ பற்றி ஒரு வார்த்தை. மூலம் டி மேஜர். ட்ரெபிள் கிளெஃப் பார்ட்டில் ஈ மேஜர் ஆகும், நாலு ஷார்ப். பேண்டில் ஃபிளாட் கீகளிலேயே வளர்ந்த நமக்குப் பார்த்ததும் கசக்கும். ஈ ஃபிளாட்டுக்கு மாற்றினால் ஒரு ஃபிளாட்டோடு எஃப் மேஜர் ஆகிவிடும். நானும் மாற்றிப் பார்த்தேன். மேலே போகும் இடங்களில் அந்த அரை ஸ்டெப் உதட்டைத் தின்கிறது, பதிவோடு சேர்ந்து பயிற்சி செய்யவும் முடியாமல் போகிறது. டி மேஜரிலேயே விடுங்கள். ஒரு வாரம் அந்த ஸ்கேலை வாசித்தால் விரல் பழகிவிடும்.

5. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது

முழுப் பகுதியும் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல். நமக்கு நான்கு, ஐந்து நிமிடம் போதும்.

முன்னுரையை வெட்டாதீர்கள். பி மைனரில் இருட்டாகத் தொடங்கி டி மேஜருக்குள் மெல்ல வந்து சேரும் அந்தப் பார்கள்தான் சோலோவின் முதல் நோட்டுக்கு வெளிச்சம் கொடுக்கின்றன. யூஃபோனியம் வாசிப்பவருக்கு மூச்சைச் சீராக்கிக்கொள்ளவும் அந்த நேரம் வேண்டும்.

பிறகு முழு மெட்டு. அடுத்து ஓபோவும் ஹார்னும் மாறி மாறிப் பேசும் இடம். இங்கே ஓபோ வரியைப் பியானோவின் வலது கைக்கும் ஹார்ன் வரியை யூஃபோனியத்துக்கும் கொடுங்கள். இரண்டையும் யூஃபோனியத்துக்கே கொடுக்கும் ஆசை வரும். கொடுத்தால் உரையாடல் ஒரே ஆள் பேச்சாகிவிடும்.

செலோக்கள் மெட்டை எடுக்கும் இடத்தில் நான் ஒரு முடிவெடுத்தேன்: முதல் பாதியைப் பியானோ பாடட்டும், யூஃபோனியம் எதிர்மெட்டை வாசிக்கட்டும், இரண்டாம் பாதியில் யூஃபோனியம் மெட்டை வாங்கிக்கொள்ளட்டும். இதனால் வாசிப்பவரின் உதட்டுக்குப் பாதி வழியில் ஓய்வும் கிடைக்கிறது. நடுவில் வரும் பெரிய உச்சங்களையும், ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் இடிபோல் குறுக்கிடும் இடங்களையும் விட்டுவிட்டேன். ஒரு பியானோவால் அந்த எடையைத் தூக்க முடியாது.

முடிவுக்கு நீங்களாக எதையும் இயற்ற வேண்டாம். அந்தப் பகுதியின் கடைசிப் பக்கம் டி மேஜரில் மிக மெல்லத் தேய்ந்து முடிகிறது. அந்தப் பார்களையே கொண்டுவந்து ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே கார்டில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் தையல் தெரியாது.

6. பியானோ பார்ட்

வேலையின் பாதி இதுதான். இரண்டு வாரம் முழுதாக ஒதுக்குங்கள்.

ஸ்கோரில் இருக்கும் எல்லா வரியையும் இரண்டு கைக்குள் திணிப்பதல்ல இது. என் முதல் பிரதியில் வயோலாவின் ஒவ்வொரு நகர்வையும் விசுவாசமாகச் சேர்த்திருந்தேன், அதைத்தான் அந்த ஆசிரியை திருப்பிக் கொடுத்தார். இப்போது நான் செய்யும் வரிசை இது. முதலில் அடிநோட்டை மட்டும் எழுதுகிறேன், டபுள் பேஸ் வரி. அடுத்து, கார்ட் மாறும் இடங்களில் மட்டும் கார்டை வைக்கிறேன். மூன்றாவதாக, சோலோ மூச்சு விடும்போது பதில் சொல்லும் குரலைச் சேர்க்கிறேன். இந்தப் பாட்டில் அது பெரும்பாலும் கிளாரினெட். இந்த மூன்றையும் யூஃபோனியத்தோடு வாசித்துப் பார்க்கிறேன். நிறைவாகக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுகிறேன். பல இடங்களில் நிறைவாகவே கேட்கும்.

பெரிய தொல்லை, நீண்ட ஒலி. சரவாத்தியக்காரர்கள் ஒரு கார்டை வில்லால் இழுத்துக்கொண்டே இருக்கலாம், நடுவில் பெருக்கவும் செய்யலாம். பியானோவில் அடித்த நொடியிலிருந்து ஒலி சாகத் தொடங்குகிறது. டாட்டட் குவார்ட்டர் 54 என்ற வேகத்தில் 12/8-இல் ஒரு பார் நான்கு நொடிக்கு மேல் ஓடும். ஒரே கார்டை அவ்வளவு நேரம் பிடித்தால் யூஃபோனியம் அந்தரத்தில் நிற்கும். இதற்கு எனக்குக் கைகொடுத்தவை சில உண்டு. கார்டை ஒரேயடியாக அடிக்காமல் பெடலோடு கீழிருந்து மேலாகப் பிரித்து வாசிக்கலாம். பாரின் நடுவில் உள்நோட்டுகளை மட்டும் மிக மெல்ல மறுபடி தொடலாம், அடிநோட்டைத் தொடாமல். கிரெசெண்டோ இருக்கும் இடத்தில் எட்டில் ஒரு பங்கு நோட்டுகளாக ஒரு மெல்லிய துடிப்பைக் கொடுக்கலாம். துடிப்பைப் பாட்டு முழுக்க வைக்காதீர்கள். பெருக வேண்டிய இடத்தில் மட்டும் வந்தால்தான் அது பெருக்கமாகக் கேட்கும்.

எந்த உயரத்தில் எழுதுவது என்பதும் முக்கியம். யூஃபோனியம் பாடுவது நடு சி-யைச் சுற்றி. அதே இடத்தில் பியானோவும் தடிமனான கார்டுகளை வைத்தால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். இடது கையைக் கீழே ஆக்டேவில் வையுங்கள், வலது கையை மெட்டுக்கு மேலே தூக்குங்கள், நடுவில் யூஃபோனியத்துக்கு இடம் விடுங்கள். கீபோர்டில் வாசிக்கப் போகிறார்கள் என்றால் 61 கீயின் கடைசி சி-க்குக் கீழே போகும் நோட்டுகளுக்கு ஒரு ஆக்டேவ் மேலே மாற்று நோட்டைச் சிறியதாக எழுதிவிடுங்கள்.

ஒரு கைக்குள் ஆக்டேவைத் தாண்டும் கார்ட் வேண்டாம். பத்து நோட் விரியும் கை எல்லோருக்கும் இருக்காது.

கணினி வாசித்துக் காட்டுவதை நம்பாதீர்கள். அதற்கு விரல் கணக்குக் கிடையாது, மூச்சும் கிடையாது. என் முதல் பிரதி கணினியில் அற்புதமாகக் கேட்டது. ஒவ்வொரு பாரையும் உங்கள் கையால் மெதுவாகப் பியானோவில் வைத்துப் பாருங்கள். கை எட்டாத இடத்தைச் சிவப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.

7. யூஃபோனியம் பார்ட்: மூச்சும் குறிகளும்

யூஃபோனியத்தின் குழாய் அகலம், காற்றைக் குடிக்கும். ஹார்ன்காரர் ஒரே மூச்சில் தாண்டும் வாக்கியம் நமக்கு நீளலாம். எனவே மூச்சுக் குறிகளை நீங்களே போடுங்கள், வாசித்துப் பார்த்த பிறகு. நீண்ட நோட்டின் முடிவில் கொஞ்சம் திருடி மூச்செடுக்கலாம். வாக்கியத்தின் உச்சத்துக்கு முந்தைய நோட்டுக்குப் பின் மட்டும் எடுக்கவே கூடாது. மாற்று மூச்சு இடங்களை அடைப்புக்குள் போடுங்கள். மேடையில் பதற்றத்தில் அது உயிர் காக்கும்.

வேகக் குறிப்புகளில் ஒன்றையும் விடாதீர்கள். இந்தப் பகுதியின் தலைப்பிலேயே 'கொஞ்சம் சுதந்திரத்தோடு' என்ற பொருளில் இத்தாலியச் சொல் இருக்கிறது. அனிமாண்டோ (உயிரூட்டி, வேகமாக), சொஸ்தெனூத்தோ (நிதானமாகத் தாங்கி) என்று அடிக்கடி மாறும். அவை இரண்டு பார்ட்டிலும், அதே பாரில், அதே இடத்தில் இருக்க வேண்டும். எனக்கு ஒன்று யூஃபோனியம் பார்ட்டில் மட்டும் விடுபட்டு, இருபது நிமிட ஒத்திகை அதிலேயே போனது.

சுருதியும் பார்த்துக்கொள்ளுங்கள். பல யூஃபோனியங்களில் நடு சி-க்கு மேலே வரும் ஈ ஃபிளாட், ஈ, எஃப் ஏறிக் கேட்கும். அதற்குக் கீழே உள்ள டி இறங்கும். டி மேஜர் பாட்டில் அந்த டி-யில் நீண்டு நிற்கும் இடம் வந்தால், பியானோ கார்டில் அதே டி-யை அதே ஆக்டேவில் இரட்டிக்காதீர்கள். சின்ன விலகல்கூட அப்பட்டமாகத் தெரியும்.

8. அச்சு

பியானிஸ்ட்டின் பிரதியில் மூன்று வரி இருக்க வேண்டும்: மேலே யூஃபோனியம் சிறிய அளவில், கீழே பியானோவின் இரண்டு ஸ்டாஃப். மேலே உள்ள வரி ஒலிக்கும் சுருதியில் இருக்கட்டும், பியானிஸ்ட்டுக்கு அதுதான் பயன். யூஃபோனியம் பார்ட் தனி. அதில் முன்னுரையின் கடைசி இரண்டு பாரைச் சின்ன நோட்டுகளில் காட்டுங்கள், எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். எட்டு பாருக்கு ஒரு முறை ரிகர்சல் எழுத்து (ஒத்திகையில் இடம் சொல்ல ஏ, பி, சி) போடுங்கள், இரண்டு பிரதியிலும் ஒரே இடத்தில்.

பக்கம் திருப்பும் இடம் பியானிஸ்ட்டின் ஒரு கை சும்மா இருக்கும் பாரில் வர வேண்டும். வரவில்லையென்றால் அந்தப் பக்கத்தில் ஒரு சிஸ்டத்தை (சேர்ந்த ஸ்டாஃபுகளின் ஒரு வரிசையை) குறையுங்கள். யூஃபோனியம் பார்ட் இரண்டு பக்கத்துக்குள் அடங்கட்டும். விரித்து வைத்தால் திருப்பவே வேண்டாம்.

தலைப்பில் இசையமைப்பாளர் பெயர், சிம்பொனி எண் 5, ஓபஸ் 64, இரண்டாம் பகுதியிலிருந்து எடுத்தது, மாற்றி எழுதியவர் பெயர், ஆண்டு. ஒரு ஓரத்தில் பிரதி எண்ணும் தேதியும். ஏ4 தாளில், 100 ஜிஎஸ்எம் கேளுங்கள். சாதாரணத் தாள் மின்விசிறிக் காற்றில் ஸ்டாண்டிலிருந்து பறந்துவிடும், மறுபக்கத்து மையும் தெரியும். கடைக்குப் பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். மென்பொருள் கோப்பையும், மற்ற இசை மென்பொருள்களிலும் திறக்கும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பையும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

9. பியானிஸ்ட், ஒத்திகை, செலவு

பியானோ பார்ட்டை ஒத்திகைக்கு இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள். முந்தின நாள் இரவு அனுப்புவது மரியாதையும் இல்லை, பயனும் இல்லை. சம்பளத்தை முதலிலேயே பேசிவிடுங்கள்: எத்தனை ஒத்திகை, எவ்வளவு நேரம், நிகழ்ச்சிக்கு எவ்வளவு, போக்குவரத்து யார் பொறுப்பு. தெரிந்தவர்தானே என்று பேசாமல் விட்டால் இருவருக்கும் சங்கடம்.

எனக்கு ஆன கணக்கு: மென்பொருளும் ஸ்கோரும் இலவசம். அச்சு, திருத்திய பிரதிகளும் சேர்த்து 420 ரூபாய். பயிற்சி அறை மூன்று மணி நேரம், 1,200 ரூபாய். பியானிஸ்ட்டுக்கு இரண்டு ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்கும் சேர்த்து 5,000 ரூபாய். உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். ஆனால் பெரிய செலவு பியானிஸ்ட்தான், அதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

நேரக் கணக்கு: வாத்தியம் விசாரிப்பு, உரிமை, ஸ்கோர் எல்லாம் முதல் வாரம். சோலோ வரியும் வெட்டு ஒட்டும் இரண்டாம் வாரம். மூன்றும் நாலும் பியானோ பார்ட். ஐந்தாம் வாரத் தொடக்கத்திலேயே அச்சிட்டு அனுப்பிவிடுங்கள், பியானிஸ்ட் பார்க்க அந்த வாரமும் அடுத்த வாரமும் இருக்கும். ஆறாம் வாரக் கடைசியில் முதல் ஒத்திகை. இசை கிரேடு தேர்வில் நீங்களே தேர்ந்தெடுத்த பாட்டாக இதை வாசிக்க நினைத்தால், இந்தக் கணக்குக்கு முன்பே தேர்வு நடத்துபவர்களிடம் எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகையில் முதலில் சுருதி. கீபோர்டில் 'ட்ரான்ஸ்போஸ்' பொத்தான் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஞாயிறு ஆராதனையில் பாடகருக்காக இரண்டு படி ஏற்றியதை அப்படியே விட்டிருப்பார்கள். பழைய பியானோ என்றால் சுருதி இறங்கியிருக்கும், ட்யூனிங் ஸ்லைடை இழுத்துச் சரிக்கட்டலாம். ஏறியிருந்தால் கஷ்டம், ஸ்லைடை உள்ளே தள்ள ஓர் எல்லை உண்டு. இதை நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சோதியுங்கள், சொந்த வாத்தியத்தோடு.

பாட்டை முதல் தடவை நிறுத்தாமல் வாசியுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், பத்தடி தள்ளி வைத்து. இரண்டாம் முறை, பியானிஸ்ட் தடுமாறிய இடங்களை அவரிடமே கேளுங்கள்: எந்த நோட்டை எடுத்தால் சுலபமாகும்? அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். என் பாட்டில் அப்படிப் பதினொரு இடங்களில் நோட்டுகள் போயின. பதிவைத் திரும்பக் கேட்டபோது, எடுத்தது எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

அன்று இரவே திருத்தங்களைக் கோப்பில் ஏற்றி, தேதியை மாற்றி, இரண்டு பார்ட்டையும் மறுபடி அச்சிடுங்கள். பழைய பிரதிகளை இருவரிடமிருந்தும் வாங்கிக் கிழித்துவிடுங்கள். மேடையில் ஆளுக்கொரு பிரதியோடு நிற்கும் நிலை வரக் கூடாது.